மறைநிலைச் சாளரமும் மனைக் கதவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. சென்ற ஆண்டுகளில் அறிஞர் பலர் இங்கு வந்து சங்க நூல்களின் நயத்தையும் காப்பியங்களின் சிறப்பையும் எடுத்துரைத்தனர். இவ்வாண்டு எமக்கு இடப்பட்ட பணி வேறு வகையானது. “பிள்ளைகளின் கைப்பேசியில் மறைநிலை என்று ஒன்று இருக்கின்றதாமே, அஃது என்ன? அதனைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டுவன யாவை? தாத்தாவும் பாட்டியும் விளங்கிக்கொள்ளும் தமிழில் சொல்லுங்கள்” என்று செயற்குழுவினர் பணித்தனர். யாம் கணிப்பொறித் துறையில் வல்லுநர் அல்லேம். ஆயினும் பிள்ளைகளை வளர்த்த தந்தை என்ற முறையிலும், இப்பொருளில் ஒருமுறை பெருந்தவறு செய்து பாடம் கற்றவர் என்ற முறையிலும் பேசத் துணிந்தோம். அத்தவற்றையும் இவ்வுரையின் இடையே மறையாது கூறுவோம்.

முதலில் நம் காலனியின் பழங்கதை ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். இரயில்வேயிலும் படைப்பிரிவிலும் பணி ஏற்றுச் செகந்திராபாத்திற்கு வந்த நம் முன்னோர், ஊரில் உள்ள பெற்றோர்க்குக் கடிதம் எழுதியே உறவைக் காத்தனர். தபால் அட்டையில் எழுதினால் தபால்காரர் முதல் எதிர்வீட்டார் வரை எவரும் படிக்கலாம். இன்லண்டுக் கடிதத்தில் எழுதி மடித்து ஒட்டினால் உள்ளிருப்பது பிறர்க்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்கு எழுதினார் என்பது மேலே எழுதிய முகவரியால் தெரியும். இன்னும் சிலர், சொல்லக் கூசும் செய்தியாயின் ஒரு தாளில் நகல் எழுதிப் பார்த்துத் திருத்திக் கடிதத்தை அனுப்பிய பின், நகலைக் கிழித்து அடுப்பில் இட்டு விடுவர். நகல் எரிந்தது, வீட்டில் சான்று இல்லை. கடிதம் என்னவாயிற்று? அது போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றவர் கையில் பத்திரமாக இருக்கின்றது.

அன்பர்களே! மறைநிலை உலாவல் என்பது நகலை எரித்தலே அன்றிக் கடிதத்தை மறைத்தல் அன்று. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் இன்றைய உரையின் பாதி விளங்கிவிடும்.

இனி, இதன் இயக்கத்தைச் சிறிது விரிவாகக் காண்போம். இணையத்தைக் காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என்பன நம் வீடுகளில் வழங்கும் உலாவிகள். நாம் ஒரு தளத்தைப் பார்க்குங்கால் உலாவி மூன்று வகைக் குறிப்புகளை எழுதி வைக்கின்றது. எந்தெந்தப் பக்கங்களை எப்போது பார்த்தோம் என்னும் பட்டியல் ஒன்று. மீண்டும் அப்பக்கம் விரைந்து திறப்பதற்காகச் சேமித்து வைக்கும் படங்களும் பிறவும் மற்றொன்று. குக்கி எனப்படும் சிறு அடையாளச் சீட்டுகள் மூன்றாவது. கடைக்காரர் நம் கையில் ஒரு வில்லையைக் கொடுத்து, மறுமுறை வருங்கால் அதனைப் பார்த்து “நேற்று வந்தவர் நீங்கள்தாமே” என்று அறிந்துகொள்வது போன்றது இது. 1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்னும் பொறியாளர் இதனை ஆக்கினார். இச்சீட்டு இல்லையேல், ஒரு பக்கத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு நுழைந்தவரை அடுத்த பக்கம் அறியாது. ஆகவே இது தீயது அன்று. ஆனால் ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களிலும் தன் சீட்டை இட்டு வைத்தால், நாம் எங்கெங்குச் சென்றோம் என்பதை அந்நிறுவனம் தொகுத்து அறியும். சிக்கல் அங்கே தோன்றுகின்றது.

மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால் உலாவி என்ன செய்கின்றது? பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லாமல், வெறுங்கையோடு புதியவராய்ப் புறப்படுகின்றது. வழியிற் பெறும் சீட்டுகளை ஒரு தற்காலிகப் பையில் இட்டு வைக்கின்றது. மறைநிலைச் சாளரங்கள் அனைத்தையும் மூடியவுடன் அப்பையை எறிந்துவிடுகின்றது. பார்த்த பக்கங்களின் பட்டியலையும் எழுதுவதில்லை. செய்வது இவ்வளவே. தரவிறக்கிய கோப்பு எறியப்படுவதில்லை. அது கைப்பேசியிலேயே கிடக்கும். குறித்து வைத்த பக்கங்களும் அழிவதில்லை.

2005 இல் ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி இவ்வசதியை முதலில் அளித்தது. 2008 இல் கூகுளின் குரோம் தோன்றிய போதே தொப்பியும் கண்ணாடியும் அணிந்த உருவத்தோடு இதனைக் கொண்டுவந்தது. 2009 இல் மைக்ரோசாப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஃபயர்ஃபாக்ஸும் தொடர்ந்தன. அத்தொப்பியும் கண்ணாடியுமே மயக்கத்திற்குக் காரணம் என்று யாம் கருதுகின்றோம். திரைப்படத் துப்பறிவாளர் போல் வேடம் பூண்டவுடன் எவரும் நம்மை அறியார் என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர், பெரியோரும் எண்ணுகின்றனர். 2018 இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தாரும் செர்மனியின் ஹானோவர் நகர லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் 460 பேரை ஆராய்ந்தனர். கூகுள் கணக்கினுள் நுழைந்து தேடினாலும், மறைநிலையில் இருந்தால் அத்தேடல் கணக்கிற் பதியாது என்று அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நம்பினராம். உண்மை இதற்கு மாறானது.

மறைநிலையில் இருக்குங்கால் நம்மைக் காண்பார் யார், காணாதார் யார் என்று வகுத்துப் பார்ப்போம்.

நாம் செல்லும் தளம் நம்மைக் காணும். ஐ.பி. முகவரி என்னும் இணைப்பு எண் அதற்குத் தெரியும். அதனைக் கொண்டு எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகின்றோம் என்று பெரும்பாலும் கணிக்கும். பெயரும் கடவுச்சொல்லும் இட்டுக் கணக்கினுள் நுழைந்துவிட்டால் ஊகத்திற்கே இடமில்லை. நாமே நம் பெயரைச் சொல்லிவிட்டோம். பள்ளி, கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றின் இணைப்பைப் பயன்படுத்தினால் அவற்றின் இணையத்தை மேற்பார்ப்பவர் காண இயலும். நம் வீட்டிற்கு இணைப்புத் தரும் நிறுவனமும் காணும். இங்கே இன்லண்டுக் கடிதத்தை நினைவிற் கொள்க. பூட்டுக் குறி உள்ள தளங்களில் உள்ளே என்ன படித்தோம் என்பது அந்நிறுவனத்திற்குப் பொதுவாகத் தெரியாது. எத்தளத்திற்குச் சென்றோம் என்னும் முகவரி தெரியும். நம் நாட்டில் 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டபின், இணைப்பு விவரப் பதிவுகளை இரண்டு ஆண்டுகளேனும் அந்நிறுவனங்கள் பாதுகாத்தல் வேண்டும். குற்றம் நிகழ்ந்தால் காவல்துறை முறைப்படி கேட்டுப் பெறும்.

இத்தனை பேர் காண்பாராயின், காணாதார் யார்? அதே கைப்பேசியை அடுத்து எடுத்துப் பார்ப்பவர் மட்டுமே! அஃதாவது, வீட்டில் உள்ள தாயும் தந்தையும் அண்ணனும் அக்காளும்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமோ என்பது நம் நாட்டுப் பழமொழி. மறைநிலைச் சாளரத்தில் நிகழ்வதோ அதனினும் விந்தையானது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கின்றது, வீட்டார் கண்கள் மட்டும் மூடப்படுகின்றன. பிள்ளைக்கு எதிரியாய் இருக்கக்கூடியவர் அனைவரும் வெளியே விழித்திருக்க, பிள்ளைக்காக உயிரையும் கொடுக்கக்கூடிய இருவர் மட்டும் உள்ளே அறியாதிருக்கின்றனர். இதுவே யாம் இன்று உங்கள் முன் வைக்கும் ஒரே செய்தி.

இம்மயக்கம் பற்றிய வழக்கு ஒன்று உலகறிய நடந்தது. 2020 சூன் மாதத்தில் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூகுள் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. தளங்களில் பதிந்துள்ள விளம்பர, புள்ளிவிவரக் கருவிகளின் வாயிலாக, மறைநிலையில் உலாவுவோரின் செய்திகளையும் அந்நிறுவனம் திரட்டியது என்பது குற்றச்சாட்டு. குறைந்தது 500 கோடி டாலர் இழப்பீடு கோரப்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023 டிசம்பரில் இரு தரப்பாரும் இணங்கினர். இணக்கத்தின் விவரம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், மறைநிலையில் பிற நிறுவனங்களின் குக்கிகளை ஐந்தாண்டுகள் தடுத்து வைக்கவும், உண்மை நிலையைத் தெளிவாக எழுதிக் காட்டவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. இன்று குரோமின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால், இக்கருவியைப் பயன்படுத்தும் பிறர் நம் செயலைக் காணார் என்றும், தளங்கள் செய்தி திரட்டும் முறை இதனால் மாறாது என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். எழுதியிருக்கின்றது, ஆனால் படிப்பார் யார்? நாம் ஒருவரும் படிப்பதில்லை.

நாம் வாழும் ஊர் எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1998 இல் சைபர் டவர்ஸ் எழுந்த ஊர் இது. 2004 முதல் கூகுளும் இங்கு அலுவலகம் நடத்துகின்றது. இந்தியாவிலேயே முதலாவதான தன் பாதுகாப்புப் பொறியியல் மையத்தையும் அந்நிறுவனம் 2025 சூன் மாதத்தில் இவ்வைதராபாத்திலேயே திறந்தது. நம் காலனிப் பிள்ளைகள் பலர் நாள்தோறும் ஹைடெக் சிட்டிக்குச் சென்று இத்துறையிலேயே பணி புரிந்து திரும்புகின்றனர். ஆயினும் மாலையில் வீடு திரும்பியபின், தம்பி கையில் உள்ள தொப்பிக் குறிக்கு என்ன பொருள் என்று சொல்லிக் கொடுப்பார் இல்லை. விளக்கின் அடியில் இருள் என்பது இதுதான் போலும்!

இனி எம் தவற்றைக் கூறுகின்றோம். எம் மகன் இன்று கல்லூரியில் பயில்கின்றான். இதனை இம்மேடையிற் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டு, அவன் இசைந்தபின்பே கூறுகின்றோம்.

அவன் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற காலம். ஓர் இரவு பதினொரு மணியளவில் தண்ணீர் அருந்த எழுந்தோம். அவன் அறையில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே சென்றோம். கைப்பேசியின் திரை கறுத்திருந்தது. அதில் தொப்பியும் கண்ணாடியும் கண்டோம். எம்மைக் கண்டவுடன் அவன் சட்டென்று சாளரத்தை மூடினான். மூடியதும் பட்டியலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமையே எமக்குச் சான்றாயிற்று! தகாத ஒன்றைப் பார்த்தான் என்று முடிவு கட்டினோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கைப்பேசியைப் பறித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். நற்பெற்றோர் கடமையைச் செய்துவிட்டதாக நிறைவோடு உறங்கவும் செய்தோம்.

மூன்று வாரங்கள் கழிந்தன. பையன் உண்பது குறைந்தது, பேச்சும் குறைந்தது. கைப்பேசி இல்லாத கோபம் என்று எண்ணினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்த எம் துணைவியார், காதின் கீழே கழுத்தில் ஒரு சிறு கட்டி இருப்பதைக் கண்டார். கை பட்டதும் அவன் அழத் தொடங்கினான். பதினான்கு வயதுப் பிள்ளை, தாயின் மடியில் முகம் புதைத்து, “எனக்குப் புற்றுநோய் அம்மா” என்று அழுதான்.

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பல்லில் ஏற்பட்ட நோய்த்தொற்றினால் நெறிகட்டியிருக்கின்றது, அஞ்சற்க என்றார் அவர். பல்லுக்கு மருத்துவம் செய்தபின் கட்டி மறைந்தது. அவன் அந்த இரவுகளில் மறைநிலையில் படித்தவை எல்லாம் அந்நோயைப் பற்றிய பக்கங்களே. அவன் பாட்டியை அந்நோய்க்கே நாங்கள் பறிகொடுத்திருந்தோம். தாய் கலங்குவாள் என்று அஞ்சி, வீட்டார் காணாதவாறு தேடியிருக்கின்றான். “எம்மிடமாவது சொல்லியிருக்கலாகாதா?” என்று கேட்டோம். “நீங்கள் கேட்கவே இல்லையே, அப்பா” என்றான்.

இன்னும் ஒன்றுண்டு. அந்நாட்களில் எங்கள் கூடத்துத் தொலைக்காட்சியில் மருத்துவமனை பற்றியும் நோய் பற்றியும் நிகழ்படங்கள் வரிசையாக வந்து நின்றன. யார் பார்க்கின்றார் இவற்றை என்று வியந்தோமே அன்றி, அதற்குமேல் எண்ணவில்லை. பின்னரே விளங்கிற்று. அவன் மறைநிலையில் இருந்துகொண்டே, நிகழ்படம் பார்ப்பதற்காக எங்கள் குடும்பக் கணக்கினுள் நுழைந்திருந்தான். அக்கணக்கே தொலைக்காட்சியிலும் இருந்தது. எங்கோ இருந்த கணிப்பொறி ஒன்று எம் பிள்ளையின் அச்சத்தை அறிந்து, அவ்வச்சத்திற்கேற்ற படங்களைத் தேர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் உறங்கிய தந்தையாகிய யாம் அறியவில்லை. மறைநிலை யாரிடமிருந்து மறைத்தது? எம்மிடமிருந்து மட்டுமே.

அன்பர்களே! அன்று முதல் யாம் இரண்டு பாடங்களைக் கற்றோம். மறைநிலை என்றவுடன் தீய நோக்கம் என்று முடிவு கட்டலாகாது என்பது முதற் பாடம். அதற்கு நல்ல பயன்கள் உண்டு. நூலகத்திலோ நெட் சென்டரிலோ பொதுக் கணிப்பொறியைப் பயன்படுத்துங்கால், நம் கணக்கு அதிலேயே திறந்து கிடவாதபடி அது காக்கும். தாய்க்குப் பிறந்தநாட் பரிசு தேடும் மகள், அது வீட்டார் கண்ணிற் படாதிருக்க அதனைத் திறக்கலாம். வளரும் பருவத்துப் பெண்பிள்ளை தன் உடலைப் பற்றிய ஐயத்தை வாய்விட்டுக் கேட்கக் கூசி அங்கே தேடலாம். அந்தரங்கம் என்பது குற்றம் அன்று. 2017 ஆகஸ்டு 24 அன்று நீதியரசர் கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகளும் இந்நாட்டுக் குடிமக்களே அல்லரோ?

உரிமை உண்டு என்பதனால் பெற்றோர் கைகட்டி இருத்தலும் ஆகாது என்பது இரண்டாம் பாடம். 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டையும் இணைத்து நோக்குகின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் செய்திகளை ஒரு நிறுவனம் கையாள வேண்டுமாயின் பெற்றோரின் இசைவைச் சரிபார்த்துப் பெறல் வேண்டும் என்றும், சிறுவரைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா என்றும் அச்சட்டம் கூறுகின்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. நிறுவனங்கள் ஆற்ற வேண்டிய கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன. சட்டம் பெற்றோர்க்குக் காவலர் என்னும் இடத்தைத் தந்திருக்கின்றது. காவலர் வேறு, ஒற்றர் வேறு. ஒற்றர் மறைந்து பார்ப்பர். காவலர் வாயிலில் தெரிய நிற்பர்.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை யாவை? எம் பட்டறிவிலிருந்து சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, நாமே கற்றுப் பிள்ளைக்குக் காட்டுதல். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு மறைநிலைச் சாளரத்தைத் திறவுங்கள். அதில் எழுதியிருப்பதை இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒரு படத்தைத் தரவிறக்குங்கள். சாளரத்தை மூடுங்கள். பட்டியல் மறைந்ததையும், படம் கைப்பேசியிலேயே கிடப்பதையும் பிள்ளையே காணட்டும். வீட்டு வைஃபைப் பெட்டியும் தளமும் இணைப்பு நிறுவனமும் இதனை அறியும் என்று சொல்லுங்கள். இப்பத்து மணித்துளிப் பாடம் நூறு தடையுத்தரவுகளினும் சிறந்தது. ஏனெனில், மறைந்திருக்கின்றோம் என்னும் மயக்கத்தினாலேயே பிள்ளைகள் முன்பின் அறியாதவரோடு துணிந்து பேசுகின்றனர். தம் படத்தை அனுப்புகின்றனர். அனுப்பிய படம் சாளரத்தை மூடினால் திரும்பி வாராது.

இரண்டாவது, வயதிற்கேற்ற வேலி. நாற்றுக்கு வேலி வேண்டும். மரமானபின் வேலி வேண்டா. பதின்மூன்று வயதிற்குட்பட்ட சிறுவர்க்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் வாயிலாகப் பெற்றோர் கணக்கு அமைத்துத் தந்தால், அக்கணக்கில் குரோமின் மறைநிலை திறவாது. ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்னும் பகுதியில், பெரியவர்க்கு மட்டுமான தளங்களைத் தடுக்கும்படி அமைத்தால் சஃபாரியின் தனிச் சாளரமும் மறைந்துவிடும். இவ்வாறு செய்யுங்கால் பிள்ளைக்குச் சொல்லிச் செய்யுங்கள்; சொல்லாமற் செய்தால் அது வேலி அன்று, பொறி. வீட்டு வைஃபைப் பெட்டியிலேயே தகாத தளங்களைத் தடுக்கும் ஏற்பாடு செய்தால், மறைநிலையில் உலாவினாலும் அத்தடை செல்லும், என்னை? மறைநிலை அப்பெட்டியிடமிருந்து எதனையும் மறைப்பதில்லை. ஆயினும் பிள்ளை சிம் கார்டின் இணைப்பிற்கு மாறினால் அத்தடை பயன்படாது. எனவே வேலியை மட்டும் நம்பி உறங்குதல் ஆகாது.

மூன்றாவது, வி.பி.என். என்பதை மறைநிலையோடு குழப்பிக்கொள்ளாதிருத்தல். மறைநிலை, கைப்பேசியில் எழுதும் குறிப்பை நிறுத்துவது. வி.பி.என்., கடிதத்தை வேறொருவர் வீட்டு வழியாக அனுப்புவது. வழியில் உள்ளார்க்கு முகவரி தெரியாது. ஆனால் அந்த வேறொருவர்க்கு எல்லாம் தெரியும். விலையின்றி வழங்கும் வி.பி.என். செயலிகள் எவ்வாறு பிழைக்கின்றன என்று பிள்ளையையே கேளுங்கள். விடையை அவனே கண்டுகொள்வான்.

நான்காவது, யாவற்றினும் தலையாயது. “எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல், சொன்னதற்காகக் கைப்பேசியைப் பறிக்க மாட்டோம்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தல். இது சிறிய வாக்கு அன்று. ஒருவன் பிள்ளையை அச்சுறுத்திப் பணம் கேட்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய வலிமை எதில் இருக்கின்றது? “உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்” என்னும் சொல்லில் இருக்கின்றது. பிள்ளை அப்பாவிடம் தானே சொல்லிவிட்டால் அவ்வலிமை அந்தக் கணமே முறிந்துவிடும். பறிக்கும் தந்தையிடம் எப்பிள்ளையும் சொல்லாது. கேட்கும் தந்தையிடமே சொல்லும். பறித்த தந்தையாகிய யாமே இதனைக் கூறுகின்றோம்.

அத்தகைய துன்பம் நேர்ந்தால் மனங்கலங்காது, வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். மறைநிலையில் பேசியதாயின் சாளரத்தை மூடிவிடாதீர்கள். மூடினால் சான்று போய்விடும். ஆண்ட்ராய்டுக் கைப்பேசியில் குரோமின் மறைநிலைத் திரையை அதே கைப்பேசியாற் படமெடுக்க இயலாதபடி வழக்கமாக அமைந்திருக்கும்; ஆதலின் வேறொரு கைப்பேசியைக் கொண்டு படமெடுங்கள். பணம் பறிபோயிற்றாயின் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். சிறுவர்க்கு உதவும் எண் 1098. பெண்களையும் சிறுவரையும் பற்றிய இணையக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் வழியுண்டு. 2014 அக்டோபரில் நம் ஐதராபாத்திலே தொடங்கிய ஷீ டீம்ஸ் என்னும் காவற் குழுவினரையும் பெண்பிள்ளைகள் நாடலாம். இவ்வெண்களை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை நாள்தோறும் காணட்டும். எம் வீட்டில் ஒட்டியிருக்கின்றோம்.

இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெற்றோர்க்கு இக்கருவி தெரியாது என்று நகைக்காதீர்கள். அவர்கள் மொழி தெரியாத ஊருக்கு வந்து, தெலுங்கும் உருதும் கற்று, வீடு அமைத்து, உங்களை வளர்த்தவர்கள். நீங்கள் பொறுமையோடு சொல்லிக் கொடுத்தால் இதனையும் கற்றுக்கொள்வர். மறைவாக ஒன்றைத் தேட வேண்டிய நாள் உங்களுக்கு வரும், எல்லார்க்கும் வரும். அந்நாளில் தேடுங்கள், தவறில்லை. ஆனால் தேடிக் கிடைத்த விடை உங்களை அச்சுறுத்துமாயின், அதனோடு தனியே இரவைக் கழிக்காதீர்கள். அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள்.

பெற்றோர்களே! எம் மகனுக்கு வந்தது வெறும் நெறிக்கட்டு. அதனால் இன்று இம்மேடையில் நின்று இதனைக் கதையாகக் கூற இயல்கின்றது. வேறொன்றாய் இருந்திருந்தால், யாம் கைப்பேசியைப் பூட்டி வைத்த அம்மூன்று வாரங்களின் விலை என்னவாகியிருக்கும் என்று எண்ண இன்றும் நெஞ்சம் நடுங்குகின்றது. பிள்ளை திறக்கும் சாளரங்கள் அனைத்தையும் நம்மால் அறிய இயலாது. அறிய வேண்டுவதும் இல்லை. ஆனால் நம் மனைக் கதவு இரவு எந்நேரமும் திறந்திருக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதனை இன்றிரவே அவர்களிடம் சொல்லுங்கள்.

வாழ்க நம் இல்லங்கள்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.